பூனையும் கருங்கோபுரமும்: ஒரு சொல்வழிக் கதையாட்டத்தின் திறனாய்வு

தொல்காப்பியர் செய்யுளியலிலே பாட்டு, உரை, நூல் முதலியவற்றை எண்ணுமிடத்துப் பிசியையும் அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணினார். விடுகதையை வீட்டுத் திண்ணையிற் சிறுவர் பொழுதுபோக்கும் பொருளென்று கருதி ஒதுக்கும் பிற்காலத்தார்க்கு இவ்வைப்புமுறை வியப்பைத் தருதல் கூடும். ஆயினும், ஒன்றை மறைத்துக் கூறி, மறைந்ததைக் கேட்போன் தன் அறிவினாற் கண்டுகொள்ளுமாறு செய்தல் ஓர் இலக்கியத் தொழிலே என்பதை ஆசிரியர் நன்கு உணர்ந்திருந்தனர் என்க. ஈண்டு யாம் ஆராயப் புகுவது, அத்தொழிலையே முழுநீளக் கதையாக விரித்த ஓர் ஆங்கில ஆக்கமாகும். அதன் பெயர் 'விஷ்பிறிங்கர்'. வேண்டியதைக் கொணர்வது என்பது அதன் பொருள். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிறிட்ஜ் நகரில் இயங்கிய இன்பொகொம் என்னும் நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. ஆக்கியோர் பிறையன் மொறியாற்றி.

இவ்வகை ஆக்கங்களைச் சொல்வழிக் கதையாட்டம் என்று வழங்குவோம். கணனித் திரையிலே படம் ஒன்றும் இராது; எழுத்து மட்டுமே தோன்றும். நிற்கும் இடம், காணும் பொருள், கேட்கும் ஓசை ஆகியவை சில வாக்கியங்களிற் கூறப்படும். அதன்பின் கதை நின்றுவிடும். வாசிப்போன் 'வடக்கே செல்', 'உறையை எடு' என்றாற்போல ஏவலொன்றைத் தட்டெழுதினாலன்றி அடுத்த வாக்கியம் பிறவாது. கெந்தக்கி மாநிலத்து மம்மத் குகையைத் தாமே நுழைந்து அளந்தறிந்த வில்லியம் குறௌதர் என்பார் 1975, 1976 ஆம் ஆண்டுகளில் அக்குகையை நிலைக்களமாக்கி இத்தகைய ஆட்டம் ஒன்றை இயற்றினார். டொன் வூட்ஸ் 1977 இல் அதனை விரித்தார். அதைக் கண்ட மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து இளைஞர் சிலர் 'சோர்க்' என்பதை ஆக்கினர். அவருட் சிலர் பிறரொடு கூடி 1979 இல் நிறுவியதே இன்பொகொம். முன்னோர் ஆட்டம் இரண்டு சொல் ஏவலை மட்டும் உணர்ந்தது. இன்பொகொம் ஆட்டங்களோ முழு வாக்கியத்தையே உணர்ந்தன. வரலாறு இவ்வளவில் அமைக. நம் நோக்கம் நூலின் மேலது.

பெஸ்ரறன் என்பது கடலோரச் சிற்றூர். கதைத்தலைவர் அவ்வூர்த் தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். வீரச்செயல் புரிவதாகப் பகற்கனவு கண்டு நிற்கும் அவரைத் தபாலதிபர் கிறிஸ்ப் கடிந்து, ஓர் உறையைக் கையிற் கொடுத்து, ஊர்ப்புறத்தே உள்ள மந்திரப்பொருட் கடைக்கு ஐந்து மணிக்குமுன் சேர்ப்பிக்குமாறு ஏவுகிறார். கடைக்காரி முதுகிழவி. உறையைப் பிரித்து வாசித்தாற் செய்தி தெளிவாகின்றது: கிழவியின் கரும்பூனையைத் தீயவர் கவர்ந்து சென்றனர், அதற்கு ஈடாக மந்திரக்கல் வேண்டும் என்கின்றனர். பூனையை மீட்டுத்தருமாறு கிழவி எழுதுவினைஞரையே இரக்கின்றாள். கடையின் கதவைத் திறந்து வெளியே வந்தால் வந்த ஊரைக் காணோம். அதே தெரு, அதே பாலம், அதே சுடலை. ஆயினும் ஊர் விச்வில் என்னும் சூனியக்காரியூராகிவிட்டது. குரைத்துக்கொண்டிருந்த சடைநாய் நரகநாயாக நிற்கின்றது. பெருஞ் சப்பாத்துகள் தாமே அணிவகுத்துத் தெருக்காவல் செய்கின்றன. தபாற்பெட்டிகளும் உயிர்பெற்று அலைகின்றன. தபாற்கந்தோர் இருந்த மேட்டிலே கருங்கோபுரக் கோட்டை ஒன்று எழுந்து நிற்கின்றது.

இந்த இரட்டையூர் அமைப்பே நூலின் முதற்சிறப்பு. பொதுவாக இவ்வகைக் கதைகள் வாசிப்போனை முன்பின் அறியாத குகையிலோ கோட்டையிலோ கொண்டுபோய் விடும். அங்கு அவன் அஞ்சுவது அறியாமையால். மொறியாற்றியோ முதலில் ஊரைச் சுற்றிக் காட்டுகின்றார். எந்தச் சந்தியில் நீரூற்று, எந்த வழியிற் சுடலை, எங்கே நூல்நிலையம் என்று நாம் மனத்திலே படம் வரைந்துகொண்டபின், அந்தப் படத்தின் கோடுகளை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றிவிடுகின்றார். அறிந்த ஊரே அச்சந்தருவதாகும்போது எழும் உணர்ச்சி வேறு. நாடோறும் சென்று பணிபுரிந்த கந்தோரே கோட்டையாகி நிற்பதில் ஒரு மெல்லிய நகைச்சுவையும் உண்டு. கடுமொழி கூறும் மேலதிகாரியின் கீழ்த் தொழில் பார்த்தோர் இதனை உடனே விளங்கிக்கொள்வர்.

இவ்வளவும் நிகழ்வது ஒரு பூனையின் பொருட்டு. மேலைநாட்டுக் கதைமரபிற் கரும்பூனை சூனியக்காரியின் துணை. எட்கார் அலன் போ 1843 இல் எழுதிய சிறுகதையில் அது கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கும் பேயுருவாகவே வருகின்றது. இம்மரபை மொறியாற்றி தலைகீழாக்கினார். இங்கே கரும்பூனை இழந்த அன்பின் உருவம். கிழவி அழுவது கல்லுக்காகவன்று, பூனைக்காக. கம்பர் பாற்கடலை நக்கிப் பருகப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறியதை அறிந்த நமக்கு, எளியதோர் உயிரைப் பெரியதோர் ஆக்கத்தின் நடுவில் வைத்தல் புதிதன்று. ஆனால் மொறியாற்றி கையாண்ட உத்தி நுட்பமானது: கதை முழுவதும் பூனையை நாம் தேடுகின்றோம், அது கண்முன் உயிரோடு நடமாடுவது மிகச் சில வரிகளிலேயே. கோபுரமும் காவலும் இருளும் எல்லாம் பூனை இல்லாமையின் வடிவங்களாக நிற்கின்றன. காணப்படாத பொருளே நூல் முழுவதையும் ஆளுகின்றது.

இனி, மந்திரக்கல்லுக்கு வருவோம். நூலின் உயிர்நிலை இதுவே; பல வாசகர் மேலோட்டமாகக் கடந்து செல்வதும் இதனையே. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு வரங்களை வேண்டலாம்: அறிவுரை, இருள், பறத்தல், வருவதறிதல், விடுதலை, நற்பேறு, மழை. வெறுங்கையோடு வேண்டினால் வரம் பலியாது. ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள் ஒன்று உண்டு. அறிவுரைக்குச் சங்கு, பறத்தலுக்குத் துடைப்பம், நற்பேற்றுக்குக் குதிரை இலாடம். விடுதலை வேண்டுவோன் இனிப்பை உண்ணவேண்டும், இருள் வேண்டுவோன் ஒருவகைப் பாலை அருந்தவேண்டும். வருவதை அறிய விரும்புவோன் மூக்குக்கண்ணாடி அணிந்திருத்தல் வேண்டும். மழையை வேண்டுவோன் குடை வைத்திருத்தல் வேண்டும்!

இதனை வெறும் விளையாட்டென்று கொள்ளற்க. மழைக்கு முன்னே குடையைத் தேடிவைத்தவனுக்கே மழை கிடைக்கும் என்பது, வரம் என்பதன் பொருளையே மாற்றிவிடுகின்றது. ஏனைய வரக்கதைகளிலே வேண்டுவோன் ஆராயாது வேண்டிக் கெடுகின்றான்; அல்லது தகுதியின்றிப் பெற்று வாழ்கின்றான். இங்கோ வேண்டுவோன் முன்னரே ஊரெங்கும் நடந்து, கண்டதை ஆராய்ந்து, பயன்படுமென்று கருதியதைச் சுமந்து வந்தவனாக இருத்தல் வேண்டும். அறிவுழைப்பைத் தவிர்க்கக் கொடுத்த கருவி, அறிவுழைப்பின் ஒரு பகுதியை எப்படியும் வாங்கிக்கொண்டுதான் தன் வேலையைச் செய்கின்றது.

மேலும் ஒன்று. இடையூறுகளிற் பெரும்பாலானவை வரத்தாலன்றியும் தீர்க்கத்தக்கவை. கல்லைத் துணைகொள்ளாது சொந்த மதியினால் வென்றோர்க்கே மிகுபுள்ளி உரியது. இன்பொகொம் இதனைத் தொடக்கநிலையோர்க்கு உரியதென்று வகைப்படுத்தி விற்றது. ஆதலின், முதன்முறை வருவோன் இடருற்ற இடத்துக் கல்லை நாடி மேலே செல்வான். மறுமுறை வருவோன் கல்லைத் தொடாது செல்ல முயல்வான். ஒரே நூல் இருவகை வாசகர்க்கும் இருவேறு நூலாக அமைகின்றது. கடினமான நூலுக்கு உரை எழுதி எளிதாக்கும் மரபு நம்மிடம் உண்டு. உரையை மூலத்தின் உள்ளேயே வைத்து, வேண்டியவன் திறந்து பார்க்க, வேண்டாதவன் மூடிவைக்க இடந்தந்த ஆசிரியர் அரியர்.

இவ்வசதியினால் நூல் வலுவிழந்தது என்று கூறுவாரும் உளர். புதிரென்றால் அது வாசகனை வாட்டவேண்டும், நாட்கணக்கில் உறங்கவிடாது செய்யவேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கை ஆட்டக்காரனின் தினவை இலக்கியச் சுவையாக மயங்குவது. பிசியின் இன்பம் விடை காண நெடுநேரம் ஆவதிலன்று. கண்டவுடன் 'இதுவல்லாது வேறெதுவாக இருக்கமுடியும்' என்று தோன்றுவதில் உள்ளது. சான்றாக நரகநாயை எடுத்துக்கொள்வோம். சுடலையிலே திறந்த குழியொன்றில் எலும்பு கிடக்கின்றது. நாய்க்கு எலும்பு, நரகநாயாயினும் நாய் நாயே. வடிவம் மாறினும் இயல்பு மாறாது என்னும் உண்மையை நாம் ஓர் எலும்பினால் அறிகின்றோம். இரட்டையூர் அமைப்புக்கும் இந்தச் சிறு புதிருக்கும் உள்ள இயைபைக் காண்பவர், ஆசிரியர் எளிமையை நாடியது திறமையின்மையாலன்று என்று தெளிவர்.

நூலின் அறமும் இத்தகைய சிறு செயல்களிலே வெளிப்படுகின்றது. பாதையோரக் குழியொன்றில் பிளற்றிபசுக் குட்டி வீழ்ந்து கிடக்கின்றது. அவுஸ்திரேலியாவில் வாழும் வாத்தலகு விலங்கு அது. மரக்கிளையை நீட்டி அதனைக் கரையேற்றினால், அவ்வினத்து அரசனின் தீவுக்குச் செல்லும் ஊதுகுழல் கிடைக்கின்றது. அரசன் பெயர் அனற்றினஸ். விலங்கியலார் அவ்விலங்குக்கு இட்ட இலத்தீன் பெயரின் பிற்பாதி அது. கற்றோர் மட்டும் கண்டு முறுவலிக்க வைத்த சிறு பொடி. இங்ஙனம் ஈரத்தோடு செய்த செயல் பின்னர்ப் பயன் தருகின்றது; வாளெடுத்து எவரையும் வெட்டி வெல்லுமிடம் இந்நூலில் இல்லை. பாலத்தைக் காக்கும் பூதத்தை ஓட்டுவதுகூட, தகரப்பேணியைத் திறந்ததும் துள்ளிப் பாயும் பொம்மைப் பாம்பே. அதே பேணியின் மறைவான அடிப்பகுதியில் மந்திரக்கல்லும் இருக்கின்றது. விகடப் பொருளின் அடியில் அரும்பொருளை ஒளித்து வைத்தமை, இந்நூலாசிரியரின் எழுத்துமுறைக்கே எடுத்துக்காட்டாகும்.

குறைகளும் உள. தீயவர் யார், அவர் ஏன் இவ்வாறு ஆயினர் என்பது நெஞ்சில் பதியுமாறு அமையவில்லை. காரிருளும் கோபுரமும் காவலும் கட்டியெழுப்பிய அச்சம், அவரை நேரே காணுமிடத்திற் கரைந்து போகின்றது. பகைவன் சிறியனாயின் வெற்றியும் சிறிதாகும் என்பதைக் காவியம் கற்றோர்க்குச் சொல்லவேண்டியதில்லை. காசிட்டு ஆடும் மின்பொறிக் கூடமொன்றை ஊர்நடுவே வைத்தமையும் எமக்கு உடன்பாடன்று. பழங்கதை மணம் கமழும் ஊரிலே அக்காலத்து இளைஞர் வழக்கத்தைப் புகுத்தியதனால் அப்பகுதி மட்டும் மூப்படைந்து தோன்றுகின்றது. 'சோர்க்' ஆட்டத்தில் இருளிலே வாழ்ந்த குறூ என்னும் பூதம் இங்கே குஞ்சோடும் குளிர்பெட்டியோடும் வீடு நடத்துகின்றது. முன்னூலைப் படித்தார்க்கு அது நல்ல நகை, படியாதார்க்கு வெறுங்குழப்பம்.

முடிவுப்பகுதி இக்குறைகளை மறக்கச் செய்கின்றது. கோபுரத்திலே பகையை வென்றவுடன் கதை முடிந்துவிடவில்லை. நூல்நிலையத்துக் காட்சிக்கூடத்திலே கண்ணாடிப் பேழைக்குள் பூனைச் சிலையொன்று இருக்கின்றது. அத்தனை பாடுபட்டுக் காத்த கல்லைச் சிலையிற் பொருத்தவேண்டும். கல் போகின்றது, பூனை உயிர்பெறுகின்றது. ஏழு வரமும் தரவல்ல பொருளைத் தன்பொருட்டு வைத்துக்கொள்ள எந்த வாசகனுக்கும் விருப்பம் எழாமற் போகாது. ஆசிரியர் அறிவுரை ஒன்றும் கூறாமல், அடுத்த ஏவலுக்காகக் காத்து நிற்கின்றார். கல்லைக் கொடுப்பது கதைத்தலைவர் அல்லர். தட்டச்சுப் பலகையில் விரல் வைத்திருக்கும் நாமே. நாவலிலே தலைவன் துறந்தான் என்று வாசித்து மகிழ்வதற்கும், துறக்குமாறு நாமே ஏவுவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் ஆக்கம் எமக்குத் தெரியவில்லை. மொறியாற்றி மறு ஆண்டு, 1986 இல், அணுகுண்டைப் பொருளாகக் கொண்டு 'திறினிற்றி' என்பதை இயற்றினார். அது பெரிய நூல் என்பர். பெரிய நூலே; ஆனால் பூனைச் சிலையின் முன் வாசகன் நிற்கும் நிலையைப் போன்ற எளிமை அதில் இல்லை.

இந்நூலை ஆங்கிலம் அறியாத நம் மாணவர் எவ்வாறு கற்பது? மொழிபெயர்ப்பு என்று எளிதிற் சொல்லிவிடலாம். கதையை மொழிபெயர்த்தல் கடினமன்று. கேட்கும் செவியை மொழிபெயர்த்தல்தான் கடினம். இன்பொகொம் ஆட்டங்கள் இயங்கிய அக்காலப் பொறியமைப்பு ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஆறு எழுத்துகளை மட்டுமே நினைவில் வைத்து இனங்கண்டது. முழு ஆட்டமும் 128 கிலோபைற் அளவுக்குள் அடங்கவேண்டியிருந்தது. ஆங்கிலத்திற் பெயர்ச்சொல் உருபேற்று உருமாறாது நிற்பதால் அம்முறை ஏற்றது. தமிழிலோ கல் என்பது கல்லை, கல்லால், கல்லிற்கு, கல்லில் என்று திரியும். மரக்கிளை மரக்கிளையால் ஆகும். உறையைப் பிரி, உறையினைப் பிரி இரண்டும் வழக்கே. தமிழ் ஏவலை உணரும் பொறிக்கு அகராதி மட்டும் போதாது, எழுத்ததிகாரத்துப் புணரியலும் சொல்லதிகாரத்து வேற்றுமையியலும் கற்பிக்கவேண்டும். இன்றைய கணனிக்கு இடத்தட்டுப்பாடு இல்லை; ஆதலின் செய்யத்தக்கதே.

மற்றொரு சிக்கல் இன்னும் சுவையானது. ஆங்கிலம் வாசகனை விளிக்கும் சொல் ஒன்றே. அதில் உயர்வும் தாழ்வும் இல்லை. தமிழாக்குவோன் 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? யாழ்ப்பாணத்தார்க்கு 'நீர்' என்று நடுநின்ற சொல்லொன்று உண்டு. கதைசொல்லி வாசகனை விளிக்க அதனைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது எம் கருத்து. தபாலதிபர் கிறிஸ்ப் சினத்தோடு 'நீ' என்பார். மந்திரக்கடைக் கிழவி 'பிள்ளை' என்பாள். மூலத்திலே எழுதுவினைஞர் ஆணா பெண்ணா என்பது கூறப்படவில்லை. தமிழில் முன்னிலை வினைமுற்றுப் பாலைக் காட்டாது. 'பிள்ளை' என்ற விளியும் இருபாற்கும் பொது. எனவே ஆங்கிலத்திலும் நயமாக அப்பொதுமை தமிழிற் காக்கப்படும்.

மொழிபெயர்க்க முடியாத பகுதியும் ஒன்றுண்டு. 1985 இல் இதனை வாங்கியோர்க்குக் கணனித் தட்டோடு ஒரு பெட்டியும் கிடைத்தது. அதனுள் மந்திரக்கல்லின் பழங்கதை கூறும் சிறு புத்தகம், தபால் வலயம் குறித்த ஊர்ப்படம், இருளில் ஒளிரும் பிளாஸ்ரிக் கல், முத்திரையிட்டு மூடிய உறை ஆகியன இருந்தன. கிழவி உறையைத் திறக்கச் சொல்லுமிடத்து, வாசகன் தன் மேசைமீதுள்ள மெய்யான உறையைக் கிழித்து மெய்யான கடிதத்தை வாசிக்கவேண்டும். அதற்குமுன் கிழிக்கலாகாது. கதையுள் இருந்த கடிதம் கதைக்கு வெளியே வந்து கைக்கு எட்டும் இவ்விடமே, எழுதுவினைஞரையும் வாசகனையும் ஒருவராக்குவது. இன்பொகொம் 1986 இல் அக்ரிவிஷன் நிறுவனத்தின் கைக்கு மாறி, 1989 இல் மூடப்பட்டது. ஆட்டத்தின் எழுத்துக்கோப்பை இன்றும் புதிய கணனிகளில் இயக்கமுடிகின்றது. கடிதத்தின் படியும் படமாகக் கிட்டும். ஆனால் திரையிலே விரிந்து கிடக்கும் கடிதத்தை முன்னரே பார்த்துவிட்டுக் கடைவாயிலுக்குச் செல்லும் வாசகனுக்கு, கிழவி 'பிரித்து வாசி' என்னும்போது கையிற் பிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. இதனைத் தமிழிற் பதிப்பிக்க முற்படுவோர் கதையை இயக்கும் கோப்பை எவ்வாறு வழங்கினும் வழங்குக. கடிதத்தை மட்டும் தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு, ஒட்டி, வாசகனிடம் கொடுப்பாராக.